நூறு சதவீதத் தேர்ச்சி: அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

மே மாதம் வந்தால் எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி முழுக்க பேனர்கள்தான். வரிசையாகப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு மதிப்பெண், மேலே பெரிய எழுத்தில் ‘100% தேர்ச்சி’. எல்லாமே தனியார் பள்ளிகளுடையவை. அரசு மேல்நிலைப் பள்ளி வாசல் வழக்கம்போல் வெறுமையாக இருக்கும். அன்று டீக்கடைப் பேச்சும் அதைப் பற்றியதாகவே இருக்கும். “அங்க நூறு, இங்க எண்பத்தெட்டு. வாத்தியாருங்க ஒழுங்கா நடத்தினா ஏன் கொறையப் போகுது?”

கேட்பவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கவலை அவருக்கு. ஆனால் தேர்ச்சி விகிதம் என்பது பள்ளியின் உழைப்பை அளக்கும் எண் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். செய்தித்தாளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது, சில சமயம் கல்வி அதிகாரிகளும்கூட. உண்மையில் அந்த ஒற்றை எண்ணில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: அந்தப் பள்ளியில் யார் படிக்கிறார்கள், அவர்களில் யார் தேர்வு எழுதும் வரை தங்கினார்கள், பள்ளி அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தது. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றாவதை. எண்ணை அதிகமாக ஆட்டிவைப்பது முதல் இரண்டும். இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்கு அதிகம் தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும்.

## தலைமடையும் கடைமடையும்

காவிரிப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று சொல்வார்கள். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் முதலில் வரும், நிறைய வரும். வாய்க்கால் முடியும் இடத்தில் இருப்பவருக்கு மற்றவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான். அதுவும் தாமதமாக வரும், சில வருடம் வரவே வராது.

இப்போது இரண்டு விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். தலைமடைக்காரர் ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுக்கிறார். கடைமடைக்காரர் இருபத்திரண்டு. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து, “தலைமடைக்காரர்தான் நல்ல விவசாயி” என்று ஊரில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? தண்ணீர் எவ்வளவு வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் தண்ணீரில் இருபத்திரண்டு மூட்டை எடுத்தது பெரிய விஷயம் என்றுகூடச் சொல்வார்கள்.

வயல் விஷயத்தில் இந்தக் கேள்வி நமக்குத் தானாக வருகிறது. பள்ளி என்றதும் மறந்துபோகிறது. ஏனென்றால் வாய்க்கால் கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டிலிருந்து ஒரு மாணவன் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

## மாணவர் பின்னணி என்றால் என்ன

பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது ‘மாணவர் பின்னணி’ என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு பள்ளியில் படிப்பவர்கள் எப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதன் தொகுப்பு அது. பெற்றோரின் படிப்பு, வருமானம், சாதி, வீட்டு மொழி, ஆணா பெண்ணா, ஊரில் நிலையாக இருப்பவர்களா பிழைப்புக்காக இடம் மாறுகிறவர்களா, இவையெல்லாம் அதில் அடங்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளையை ‘முதல் தலைமுறை மாணவர்’ என்கிறோம்.

2024 பிளஸ் டூ முடிவுகளைப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் தேர்ச்சி 94.56 சதவீதம். தனியார் பள்ளிகள் 98.70, அரசு உதவி பெறும் பள்ளிகள் 95.49, அரசுப் பள்ளிகள் 91.02. மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37.

இதில் தனியாருக்கும் அரசுப் பள்ளிக்கும் உள்ள இடைவெளி 7.68 புள்ளிகள். டீக்கடையில் அத்தனையும் ஆசிரியர் கணக்கில் எழுதப்படுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அதே பட்டியலில் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையே 4.07 புள்ளிகள். இருபாலர் பள்ளிகளில் இருவரும் ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடப் புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள். அந்த நான்கு புள்ளியை ஆசிரியரின் திறமையால் எப்படி விளக்குவது? முடியாது. வகுப்பறைக்கு வெளியேதான் காரணம் தேட வேண்டும்: மாலையில் யார் வேலைக்குப் போகிறார்கள், யாருக்குச் சம்பாதிக்கும் ஆசையும் நெருக்கடியும் முன்னதாகவே வருகின்றன, தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் யாருக்கு இருக்கிறது. ஒரே பள்ளிக்குள் பின்னணி இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்றால், வேறு வேறு குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை எடுக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு கொண்டுவரும்?

அரசுப் பள்ளி யாரையும் வடிகட்ட முடியாது. வருடத்தின் நடுவில் வந்தாலும், எழுதப் படிக்கத் தடுமாறினாலும், சேர்த்தாக வேண்டும். தனியார் பள்ளியில் நுழைவுத் தேர்வே இல்லாவிட்டாலும் கட்டணம் ஒரு வடிகட்டிதான். வருடத்துக்கு நாற்பதாயிரம் கட்டக்கூடிய வீடு, பெரும்பாலும், மேசையும் டியூஷனும் ஏற்பாடு செய்யக்கூடிய வீடும்கூட. ‘என்ன ஹோம்வொர்க்?’ என்று கேட்க நேரமுள்ள ஒரு பெரியவர் அங்கே இருப்பார்.

## பின்னணி எப்படி மதிப்பெண்ணாக மாறுகிறது

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பின்னணி மூளைக்குள் எதையும் செய்வதில்லை. நேரம், தூக்கம், சாப்பாடு, புத்தகம், கேட்க ஓர் ஆள் என்று சின்னச் சின்ன வழிகளில்தான் அது வேலை செய்கிறது.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா கட்டட வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார். தங்கையைக் கிளப்பிப் பள்ளியில் விட்டுவிட்டு இவன் வருவதற்குள் சிறப்பு வகுப்பு பாதி முடிந்துவிடும். சாயங்காலம் மெக்கானிக் கடை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது கணக்குப் போட உட்காருகிறான். ஒரு இடத்தில் சிக்குகிறது. கேட்க ஆளில்லை, மூடிவைத்துவிடுகிறான். அதே கணக்கில் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் சிக்குகிறது. அங்கே அக்கா இன்ஜினியரிங் படிக்கிறாள், ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறாள். இந்த ஐந்து நிமிடம் வாரத்துக்கு நான்கு தடவை, பத்து வருடம் நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட பழைய வேலை மதிய உணவு. 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் பசி குறைவு என்று யார் சொன்னது?

சுருக்கமாக: மதிப்பெண்ணில் தெரியும் இடைவெளியில் ஒரு பெரிய பங்கு, பிள்ளை பள்ளிக்குள் நுழையும் முன்பே உண்டாகிவிட்டது. அது திறமையில் உள்ள இடைவெளி அல்ல. கிடைத்த நேரத்திலும் உதவியிலும் உள்ள இடைவெளி.

## கோட்டுக்குக் கீழே உள்ள எண்

தேர்ச்சி விகிதம் ஒரு பின்னம். மேலே தேர்ச்சி பெற்றவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். பேனரைப் பார்க்கும் எல்லோரும் மேலே உள்ள எண்ணைத்தான் கவனிக்கிறார்கள். சூட்சுமம் கீழே இருக்கிறது.

2023 பிளஸ் டூ தேர்வு இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் 8,03,385 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7,55,451 பேர். வகுத்தால் 94.03 சதவீதம். செய்திகளில் வந்த எண் இதுதான், கணக்கும் சரிதான். ஆனால் தேர்வுக்குப் பதிவாகியிருந்த பள்ளி மாணவர்கள் சுமார் 8.51 லட்சம். முதல் நாள் மொழிப்பாடத் தேர்வுக்கே ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி அப்போது மாநிலத்தையே உலுக்கியது. பதிவானவர்களைக் கீழே வைத்து வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 89-க்கும் சற்றுக் குறைவாக வருகிறது. அதே பிள்ளைகள், அதே விடைத்தாள்கள். ஐந்து புள்ளி காணாமல் போய்விட்டது.

வராதவர்கள் தோற்கவில்லை. தோற்றவர்கள் பட்டியலில்கூட அவர்கள் பெயர் வராது. அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த வருடத்துப் பிள்ளைகள் 2021-இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவால் தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டார்கள். அதே 2021-இல் பிளஸ் டூ தேர்வும் நடக்கவில்லை, அங்கேயும் எல்லோரும் தேர்ச்சி. ஆக, தமிழ்நாடு நூறு சதவீதம் காட்டிய வருடம், பள்ளிகள் பெரும்பாலும் மூடிக்கிடந்த வருடம். தேர்ச்சி விகிதம் கற்றலை அளப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கீழே உள்ள எண்ணை வேண்டுமென்றே சுருக்கவும் முடியும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் தோல்வி அடையச் செய்வதில்லை. எனவே ஒன்பதாம் வகுப்புதான் முதல் சல்லடை. எங்கள் தெருவில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் குறைவு. அவள் படித்த தனியார் பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டு, “நீங்களா டிசி வாங்கிக்கிட்டா நல்லது, இல்லன்னா இதே வகுப்பில் உட்கார வைப்போம்” என்றது. வாங்கிக்கொண்டு வந்து அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அடுத்த வருடம் அந்தத் தனியார் பள்ளியின் பேனரில் நூறு சதவீதம். அரசுப் பள்ளியின் கணக்கில் கணிதத்தில் தடுமாறும் ஒரு பிள்ளை கூடுதல். இரண்டு பள்ளிகளிலும் யாரும் முன்பைவிட நன்றாகவோ மோசமாகவோ பாடம் நடத்தவில்லை. ஒரு பிள்ளை இடம் மாறினாள், இரண்டு எண்களும் மாறின.

இப்படி ஒரு பள்ளி யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே அனுப்புகிறது என்பதாலேயே அதன் முடிவு உயர்வதை ‘தேர்வுச் சாய்வு’ என்று சொல்லலாம். இங்கே தேர்வு என்பது பரீட்சை அல்ல, ஆளைத் தேர்ந்தெடுப்பது.

சுருக்கமாக: எத்தனை பேர் தேர்ச்சி என்று கேட்கும் முன், எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும். அதற்கும் முன், அந்த எத்தனை பேர் எப்படி மிஞ்சினார்கள் என்று கேட்க வேண்டும்.

## இரண்டிலும் முந்தி, மொத்தத்தில் பிந்துவது

இனி கொஞ்சம் வியப்பான ஒன்று. ஒரு பள்ளி எல்லா வகை மாணவர்களுக்கும் மற்றொரு பள்ளியைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தும், மொத்தத் தேர்ச்சியில் பின்தங்க முடியும். முதல் தடவை கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானே பேப்பரில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். இது நானாக வைத்துக்கொண்ட கணக்கு, எந்தப் பள்ளியின் உண்மைக் கணக்கும் அல்ல.

இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 200 மாணவர்கள். மேலத்தெருப் பள்ளியில் 160 பேர் படித்த பெற்றோரின் பிள்ளைகள், 40 பேர் முதல் தலைமுறை மாணவர்கள். கீழத்தெருப் பள்ளியில் அப்படியே தலைகீழ்: 40 பேர் படித்த வீட்டுப் பிள்ளைகள், 160 பேர் முதல் தலைமுறை.

முடிவு வருகிறது. மேலத்தெருவில் படித்த வீட்டுப் பிள்ளைகள் 160-இல் 152 பேர் தேர்ச்சி, அதாவது 95 சதவீதம். முதல் தலைமுறை 40-இல் 32 பேர், 80 சதவீதம். கீழத்தெருவில் படித்த வீட்டுப் பிள்ளைகள் 40-இல் 39 பேர், 97.5 சதவீதம். முதல் தலைமுறை 160-இல் 136 பேர், 85 சதவீதம்.

ஆக இரண்டு வகைப் பிள்ளைகளிடமும் கீழத்தெருப் பள்ளிதான் முன்னால் நிற்கிறது. இப்போது கூட்டுங்கள். மேலத்தெரு: 152-உம் 32-உம் சேர்ந்து 184. 200-க்கு 184 என்றால் 92 சதவீதம். கீழத்தெரு: 39-உம் 136-உம் சேர்ந்து 175. அது 87.5 சதவீதம். பேனர் மேலத்தெருவில்தான் ஏறும்.

ஏன் இப்படி? கீழத்தெருப் பள்ளி கடினமான வேலையை நான்கு மடங்கு அதிகமாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். 85 என்ற நல்ல எண்ணை 160 பேர் சுமக்கிறார்கள், 97.5-ஐ 40 பேர் மட்டும். பெரிய கூட்டத்தின் பக்கமாகச் சராசரி சரிந்துவிடுகிறது. ஒரு குழுவில் யார் யார் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறார்கள் என்பதாலேயே சராசரி மாறுவதைக் ‘கலவை விளைவு’ என்று வைத்துக்கொள்வோம். அது முற்றி, பகுதியில் முந்துபவர் மொத்தத்தில் பிந்தும் அளவுக்குப் போனால், அதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தாலும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

மாவட்டங்களை வரிசைப்படுத்திப் போடும் பட்டியலுக்கும் இது பொருந்தும். 2024 பிளஸ் டூவில் திருப்பூர் 97.45 சதவீதத்துடன் முதலிடம், திருவண்ணாமலை 90.47 சதவீதத்துடன் கடைசி. திருப்பூர் ஆசிரியர்களுக்குப் பாராட்டும் திருவண்ணாமலை ஆசிரியர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீசும் அனுப்பும் முன், அந்த இரண்டு மாவட்டங்களிலும் அரசுப் பள்ளியை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர், தனியார் பள்ளிகளில் எத்தனை பேர், மலைக் கிராமங்கள் எத்தனை, வெளியூருக்கு வேலை தேடிப் போகும் குடும்பங்கள் எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

சுருக்கமாக: மொத்தச் சராசரிகளை ஒப்பிடாதீர்கள். ஒரே மாதிரிப் பிள்ளைகளை ஒரே மாதிரிப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள்.

## அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாதா?

இதுவரை படித்ததை வைத்து, எல்லாமே வீட்டுப் பின்னணிதான், பள்ளி எப்படி இருந்தால் என்ன என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது அடுத்த தவறு. இந்தத் தவறுக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு.

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 4,000 பள்ளிகள், ஆறு லட்சம் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. வெள்ளையர் பள்ளிகளுக்கும் கறுப்பினத்தவர் பள்ளிகளுக்கும் இடையே கட்டடத்திலும் வசதியிலும் உள்ள வேறுபாடுதான் மதிப்பெண் இடைவெளிக்குக் காரணமாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வந்த முடிவு வேறு. மாணவர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை விளக்குவதில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணி பெரிதாக இருந்தது. கூடப் படிப்பவர்கள் யார் என்பதும் முக்கியமாக இருந்தது.

உடனே பலர் ‘பள்ளிகள் முக்கியமில்லை’ என்று அதைப் படித்தார்கள். கோல்மன் அறிக்கை பேசியது மாணவர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி. பள்ளியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. நம் வாய்க்காலுக்கே வாருங்கள். எல்லா விவசாயிகளும் ஓரளவு ஒரே மாதிரி உழைத்தால், விளைச்சலில் உள்ள வித்தியாசத்தைத் தண்ணீர்தான் விளக்கும். அதற்காக விவசாயி வயலுக்குப் போகாமல் இருந்தால் நெல் வருமா? முதல் தலைமுறை மாணவருக்கு அல்ஜீப்ராவும் ஆங்கிலமும் கிடைக்கும் ஒரே இடம் பள்ளிதான். படித்த வீட்டுப் பிள்ளைக்கு மோசமான ஆசிரியர் வாய்த்தால் டியூஷன் இருக்கிறது. மற்றவருக்கு அந்த ஆசிரியர்தான் எல்லாமே. எனவே பள்ளி யாருக்கு அதிகம் முக்கியம் என்று கேட்டால், பின்னணி பலவீனமாக உள்ள பிள்ளைக்குத்தான்.

பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதற்கு நம் சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்தது. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கோச்சிங் போக முடிந்தவரையும் முடியாதவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் யாருடைய திறமையை அளக்கிறோம் என்ற கேள்விதான் அதன் அடிப்படை.

## எங்கிருந்து எங்கே கொண்டுவந்தது

சரி, பள்ளியின் வேலையை எப்படித்தான் அளப்பது? பழனி மலையில் உச்சியில் நின்றுகொண்டு, வருகிறவர்களை எண்ணினால் போதாது. ஒருவர் அடிவாரத்திலிருந்து படியேறி வந்தார், இன்னொருவர் வின்ச்சில் வந்து இறங்கினார். யார் எத்தனை படி ஏறினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பள்ளியில் சேரும்போது ஒரு மாணவர் எந்த நிலையில் இருந்தார், போகும்போது எந்த நிலையில் இருக்கிறார், அதே நிலையில் தொடங்கிய மற்ற மாணவர்களைவிட எவ்வளவு முன்னேறினார் என்று பார்ப்பதைக் ‘கூட்டிய மதிப்பு’ என்கிறார்கள். வெண்டைக்காய்க்கு மார்க்கெட்டில் ஒரு விலை, குழம்பாகித் தட்டில் வரும்போது வேறு விலை, நடுவில் சமைத்தவர் கூட்டியது எவ்வளவு என்பதுபோல.

இங்கிலாந்தில் 2016 முதல் மேல்நிலைப் பள்ளிகளை இப்படி அளந்தார்கள். 11 வயதில் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒரு குழுவாக வைத்து, 16 வயதுத் தேர்வில் யார் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று ஒப்பிடுவது. சராசரியான பள்ளிக்குப் பூஜ்யம் வரும். பிள்ளைகளை எதிர்பார்த்ததைவிட முன்னே கொண்டுவந்த பள்ளிக்குப் பூஜ்யத்துக்கு மேலே.

அதற்கும் முன்னால் 2006-இல் அவர்கள் ஒரு படி அதிகமாகவே போயிருந்தார்கள். ஏழ்மை, இனம், ஆண் பெண் என்று மாணவர் பின்னணியையும் கணக்கில் சேர்த்துப் பள்ளிகளை மதிப்பிட்டார்கள். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 2010-இல் வந்த அரசு அந்த முறையைக் கைவிட்டது. ஏழைப் பிள்ளை குறைவாகத்தான் எடுக்கும் என்பதைக் கணக்கிலேயே எழுதிவைப்பது, அந்தப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்க்கச் சொல்வது போலாகும் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. பின்னணியைப் பார்க்காவிட்டால் கடினமான வேலையை எடுத்துக்கொண்ட பள்ளிக்கு அவப்பெயர். அதிகமாகப் பார்த்தால் ‘இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும்’ என்ற சோம்பலுக்கு அது சாக்காகிவிடும். என் கருத்து இது: பள்ளியை மதிப்பிடும்போது பின்னணியைப் பாருங்கள், பிள்ளையிடம் எதிர்பார்க்கும்போது பார்க்காதீர்கள். ஆசிரியருக்குத் தரும் பாராட்டில் பின்னணிக்கு இடம் உண்டு. கரும்பலகையில் எழுதும் பாடத்தில் இல்லை.

நம் ஊரில் பேனர்களுக்குப் பதில் இப்படி ஒரு கணக்கு எளிதாகவே சாத்தியம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இருக்கிறது, பிளஸ் டூ மதிப்பெண் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 300-ஐ ஒட்டி எடுத்தவர்கள் இரண்டு வருடம் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்று பள்ளிவாரியாகப் பார்த்தால் போதும். பத்தாம் வகுப்பில் 480 எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்து பிளஸ் டூவில் 600-க்கு 580 காட்டும் பள்ளியும், 220 எடுத்தவரை 600-க்கு 400-க்குக் கொண்டுவரும் பள்ளியும் அப்போது வேறு வேறாகத் தெரியும்.

சுருக்கமாக: முடிவு எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி, எங்கே தொடங்கி அங்கே வந்தது என்பது இன்னொரு கேள்வி. பள்ளியின் வேலை இரண்டாவதில்தான் தெரியும்.

## சின்ன எண்கள் செய்யும் குழப்பம்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 12 பேர் மட்டும் தேர்வு எழுதும் கிராமத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு பரீட்சை எழுதித் தோற்றால் தேர்ச்சி 91.7. அடுத்த வருடம் எல்லோரும் நலம் என்றால் நூறு. பள்ளி ஒரே வருடத்தில் எட்டுப் புள்ளி முன்னேறியதாகப் பாராட்டு வரும். 400 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை கால் புள்ளிதான். ஆகவே சிறிய பள்ளிகள் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வருவது இயல்பு. ஒரு வருடத்து எண்ணை நம்பாமல் நான்கைந்து வருடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தேர்ச்சி என்பது 35 என்ற ஒரே கோடு. 36 எடுத்தவரும் 99 எடுத்தவரும் அந்த எண்ணில் ஒன்றுதான். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களை மேலே ஏற்றிவிட்டால் விகிதம் ஏறும் என்பது தெரிந்ததும், பள்ளிகள் அவர்களை மட்டும் உட்கார வைத்து தேர்ச்சிக்கு மட்டும் போதுமான ‘மினிமம் மெட்டீரியல்’ குறிப்புகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. 70 எடுக்கும் பிள்ளையை 90-க்குக் கொண்டுபோவதால் பள்ளியின் எண்ணில் ஒரு மாற்றமும் வராது. நல்லவேளையாக, மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-இல் தமிழ்நாடு நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டும் பள்ளிகளைத் தடுக்க, 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்ததும் இதே நோய்க்கான மருந்தாகத்தான். 2025-26 முதல் அது கைவிடப்பட்டுவிட்டது.

## அட்மிஷன் நேரத்தில் ஒரு கேள்வி

போன ஜூனில், மேலே சொன்ன அந்தப் பெண்ணின் அம்மா தன் இளைய மகனை எங்கே சேர்ப்பது என்று என்னிடம் கேட்டார். பாஸ் பர்சன்டேஜைக் கேட்காதீங்க அக்கா, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள் என்றேன்.

இரண்டு பள்ளிகளில் கேட்டிருக்கிறார். தனியார் பள்ளி அலுவலகத்தில், அந்த விவரமெல்லாம் வெளியே தருவதில்லை என்று சொல்லி, ரிசல்ட் அச்சடித்த நோட்டீஸைக் கையில் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை வருகைப் பதிவேடுகளை வரவழைத்துப் பிரித்துவைத்துக்கொண்டு எண்ணினார். ஒன்பதில் 64 பேர், பத்தில் தேர்வு எழுதியவர்கள் 61. அந்த மூன்று பேர் யார் என்று அக்கா கேட்கவில்லை, டீச்சரே சொன்னார். ஒருவன் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான், ஒருவன் அப்பா இறந்தபின் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஒரு பெண்ணுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். கல்யாணத்தை நிறுத்தியாகிவிட்டது, அவள் துணைத் தேர்வு எழுதுகிறாள் என்றார். ஹோட்டலுக்குப் போனவனை அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துவைத்திருந்தார்.

அக்கா மகனை அங்கேயே சேர்த்துவிட்டு வந்தார்.